விசிலுக்குக் கிளம்பிய ஏரி

கோடை விடுமுறையில் ஒரு நாள், மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்பு, ஓர் ஏரி தன் கரையை விட்டுக் கிளம்பி ஒரு வேனின் பின்னால் வந்தது. விசில் அடித்தவர் பஸ் டிப்போ டைம் கீப்பர். தப்பு அவர்மேல்தான் என்று அவர் மனைவி அன்றே சொன்னாள். இன்றுவரை மாற்றிச் சொல்லவில்லை.

டைம் கீப்பர் குடும்பத்தோடு ஊர் சுற்றப் போனது அதுவே முதல் தடவை. போவதென்று ஆனபின் அரைகுறையாகப் போவானேன் என்று, ஏரிக்கரை ஊர்கள் அத்தனையையும் ஒரே மூச்சில் பார்த்துவிட ஏற்பாடு செய்தார். டிப்போவில் ஒரு வண்டி எவ்வளவு நேரம் நிற்குமோ அவ்வளவுதான் ஒவ்வொரு ஏரிக்கும். இறங்கு, மணலில் வரிசையாக நில், சிரி, ஏறு. அவர் இரண்டு விசில் அடித்தால், வேன் ஓட்டிய மச்சினன் பல்லைக் கடித்துக்கொண்டு கியரைப் போடுவான். மனைவிக்கு இருந்தது ஒரே ஆசை. கல்யாணத்துக்கு முன்னால் மீன் மாதிரி நீந்தியவள். அதற்குப் பின் குளியலறை வாளியோடு சரி. விரல் நுனி சுருங்கும்வரை தண்ணீரில் கிடக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்காகத்தான் பையையே கட்டினாள். முதல் ஊரில் செருப்பைக் கழற்றியதும் விசில். அடுத்த ஊரில் கணுக்கால் நனைந்ததும் விசில்.

"ஏங்க, தண்ணியப் பாக்கவா இவ்வளவு தூரம் வந்தோம்? அது வீட்டுக் குழாயிலயே தெரியுதே."

"அடுத்த ஊர்லயும் இதே தண்ணிதான். அங்க குளிச்சுக்கலாம்."

"அங்க போனா அதுக்கடுத்த ஊரும்பீங்க."

மூன்றாவது ஊரில் அவள் யாரையும் கேட்காமல் இடுப்பளவு இறங்கிவிட்டாள். ஏற்கெனவே தாமதம்; டைம் கீப்பர் கடிகாரத்தைப் பார்த்தார். நகர மறுக்கும் டிரைவருக்கு அடிப்பதுபோல் தம் கட்டி இரண்டு விசில் அடித்து, கையை முன்னால் வீசி, "ரைட், ரைட்!" என்றார். மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வேனில் ஏறினாள். ஏரியும் கிளம்பியது.

"மாமா, பின்னால ஏரி வருது," என்றான் மச்சினன்.

"வழி விடு மாப்ளே, முந்திக்கிட்டுப் போகட்டும்."

"அது முந்தாது மாமா. நீங்க அனுப்பின வண்டியாச்சே."

மீன்களோடும், மிதி படகில் காதல் பேசிக்கொண்டிருந்த ஒரு ஜோடியோடும், சாலையின் இடது ஓரமாகவே ஏரி வந்தது. சிக்னலில் நின்றது, வளைவுகளில் எதிரே வருகிறவர்களுக்கு ஒதுங்கிக் கொடுத்தது. அடுத்த ஊர்க்காரர்கள், இருக்கிற ஏரிக்கே ஆள் வரவில்லை, இதில் இன்னொன்றா என்று விரட்டிவிட்டார்கள். ஏரியைப் பறிகொடுத்த ஊரின் விடுதிக்காரர் போனில் கத்தினார்: "சார், எங்க ஏரிய எப்ப திருப்பி அனுப்பப் போறீங்க?" டைம் கீப்பர் நடுச்சாலையில் நின்று, நிறுத்தச் சொல்லும் ஒற்றை விசிலை நீளமாக அடித்தார். ஏரி நிற்கவில்லை. அந்த விசிலுக்கு நிற்காத டிரைவர்களைத் தன் சர்வீசில் நிறையவே பார்த்தவர்தான். "அப்பா, பேசாம அதுக்கு ஒரு மெமோ குடுங்க," என்றாள் மகள், செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

மிச்ச ஊர்களை விட்டுவிட்டு வீடு திரும்பினார்கள். ஏரி தெருமுனை திரும்பி, டிப்போ பக்கம் போகிற உத்தேசத்தில் வந்துகொண்டிருந்தது. மனைவி வேனிலிருந்து இறங்கினாள். தெருவோரம் நின்று, பஸ்ஸுக்குக் காட்டுவதுபோல் கையை நீட்டினாள். ஏரி நின்றது. ஆளைத் தாண்டிப் போய் நிற்காமல், ஓடவிடாமல், நேராக அவள் காலடியிலேயே நின்றது. கைப்பையை மகளிடம் கொடுத்துவிட்டு அவள் தண்ணீரில் இறங்கினாள். பழக்கதோஷம், டைம் கீப்பரின் கை விசிலுக்குப் போனது.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஊதுங்க. இது எங்க போகுதோ நானும் கூடவே போயிடுறேன்."

விசில் உதடுவரை வந்து, அப்படியே இறங்கிவிட்டது.

ஏரி அங்கேயே தங்கிவிட்டது. கொசு வரும் என்று தெருக்காரர்கள் கொஞ்ச நாள் முணுமுணுத்தார்கள். பிறகு கரையில் கொடி கட்டித் துணி காயப்போட்டார்கள். கேட்டும் கெஞ்சியும் பார்த்த விடுதிக்காரர், கடைசியில் தன் நாற்காலிகளோடு இங்கேயே குடிவந்தார். பஸ்கள் சுற்றிப் போயின. டைம் கீப்பரே தினமும் தாமதமாக வந்தார், காரணம் ஏரி என்றார், மேனேஜர் தலையாட்டினார். வேன்களில் குடும்பங்கள் வந்து இறங்கின. வரிசையாக நின்று சிரித்துவிட்டு ஏறின. மனைவி மட்டும் தினமும் மதியம் இறங்கி, தோன்றும்போது கரையேறினாள்.

முதல் நாளே அவர் கரையில் நின்று, "பசிக்குது, எப்ப வருவே?" என்று கேட்டார்.

"அடுப்பு மேல இருக்கு. நீங்களே போட்டுச் சாப்பிடுங்க."

அவர் தானே தட்டை எடுத்து, தானே போட்டுச் சாப்பிடுவதைப் பார்க்க, ஏரியைக்கூட விட்டுவிட்டுத் தெருவே ஜன்னலில் கூடியது. இப்போது அதையும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.