பூங்கோதை வறுத்த கோழி

சிந்து கல்யாணமாகிப் புனேவுக்குப் போன பிறகு, பூங்கோதை ஒரு வாரம் தயிர்சாதம் வாங்கிச் சாப்பிட்டாள். அடுத்த வாரம் பரோட்டா. அதற்கடுத்த வாரம் போனில் வரவழைத்த கோழிக்குழம்பு பாயசம் மாதிரி இனித்ததும், கிண்ணத்தை மூடி வைத்துவிட்டு வெறும் பிரெட்டைத் தின்றாள்.

டெல்லி மோதி பாக்கில் அவள் பெயருக்கு ஒதுக்கப்பட்ட அரசுக் குவார்ட்டர்ஸில் இருந்தாள். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் பூங்கோதை உதவியாளராக வேலை பார்த்தாள். பிறவியிலேயே பார்வை கிடையாது. பஸ், மெட்ரோ, பேசும் கணினி, சண்டைக்கு வரும் ஆட்டோக்காரர்கள் எல்லாவற்றையும் அவள் தனியாகச் சமாளித்துவிடுவாள். அடுப்பு மட்டும் தெரியாது. பள்ளிபாளையத்தில் சின்ன வயதில் அவள் சமையலறை நிலைப்படியைத் தொட்டாலே, "அக்கட்டால போ கண்ணு, சூடு" என்று அம்மா பதறுவாள். அப்புறம் கல்லூரி விடுதியில் சாப்பாட்டுக்கூடம் இருந்தது. டெல்லிக்கு வந்ததும் கூடத் தங்கிய சிந்து இருந்தாள். யாரோ ஒருவர் எப்போதும் சமைத்துப் போட்டார்கள்.

சிந்து போன சேதி தெரிந்ததும் அப்பா குழந்தைசாமி போன் செய்தார். ஊரில் அவருக்கு எட்டுத் தறி ஓடுகிறது. தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியதால் போனிலும் கத்தித்தான் பேசுவார்.

"கோயமுத்தூர் ஆபீசுல ஒருத்தர்கிட்ட பேசிட்டேன் கண்ணு. நீ மாத்தல் கேட்டாப் போதும், மத்ததை அவரு பாத்துக்குவாரு. தை மாசம் நானும் அம்மாவும் வந்து கூட்டிட்டு வந்தர்றோம்."

"எனக்கு இங்கயே நல்லாத்தானுங்கப்பா இருக்குது."

"சோத்துக்கு என்ன பண்ணுவே? அதைச் சொல்லு மொதல்ல."

பூங்கோதை போனை வைத்தாள். டெல்லியை அவள் பிரியமாகத்தான் பிடித்து வைத்திருந்தாள். இங்கேதான் முதன்முதலாகத் தனக்கென்று ஒரு சாவி கிடைத்தது. அதைச் சோற்றுக்காக விடுவதா என்று நினைக்க நினைக்க ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்திலேயே ஏர் ஃப்ரையர் வாங்க ஆர்டர் போட்டாள். நெருப்பு இல்லை, கொதிக்கும் எண்ணெய் இல்லை, ஒரு பெட்டிக்குள் சூடான காற்று சுழன்று வறுக்கும் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டதைக் கேட்டிருந்தாள்.

வந்த பெட்டி அவளை ஏமாற்றியது. முன்பக்கம் முழுக்க வழவழவென்று கண்ணாடி. தடவிப் பார்க்க ஒரு மேடு இல்லை, ஒரு பள்ளம் இல்லை. விரல் பட்ட இடமெல்லாம் 'பீப்' என்றது. எதற்குக் கத்துகிறது என்று அதற்கே தெரியாது போல. திருப்பி அனுப்பிவிட்டு, சனிக்கிழமை சரோஜினி நகரில் ஒரு கடைக்கு நேராகவே போனாள்.

"யே வாலா லீஜியே மேடம், லேட்டஸ்ட் ஹை, ஃபுல் டச்" என்று கடைக்காரர் ஒவ்வொன்றாக அவள் கையருகே நகர்த்தினார்.

"டச் நஹி சாஹியே, பையா. திருகுற மாதிரி, குமானே வாலா."

"வோ தோ புரானா மாடல் ஹை."

"வஹி தீஜியே."

அடியில் கிடந்த பழைய மாடலை அலுத்துக்கொண்டே எடுத்து வந்தார். மேலே ஒரு திருகு, கீழே ஒரு திருகு. மேலே உள்ளது சூட்டுக்கு, கீழே உள்ளது நேரத்துக்கு. கீழ்த்திருகைத் திருப்பியதும் கடிகாரம் போல டிக் டிக் என்று ஓடி, முடிந்ததும் 'டிங்' என்றது. பூங்கோதை கடையிலேயே சிரித்துவிட்டாள்.

எங்கே திருப்பினால் எவ்வளவு சூடு என்று தெரிய வேண்டுமே. அன்று மாலை சிந்து வீடியோ காலில் வந்தாள். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள் அவள். கல் வைத்த ஒட்டுப்பொட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு பூங்கோதை காத்திருந்தாள்.

"இன்னும் தோடா லெஃப்ட், கொஞ்சம்தான்... போதும், போதும்! அங்கதான் நூத்தி எண்பது. ஒட்டு."

சூட்டுக்கு ஒரு பொட்டு, நேரத்துக்கு இரண்டு பொட்டு. இயந்திரம் தயாராகிவிட்டது. சமையல்காரிதான் தயாராகவில்லை.

முதல் நாள் எலும்போடு கோழி வாங்கினாள். மேலே கருகல், கடித்தால் எலும்பை ஒட்டி வழுவழுவென்று பச்சை. துப்பிவிட்டு வாய் கொப்பளித்தாள். அடுத்த முறை எலும்பில்லாத நெஞ்சுக்கறி. அது தேங்காய் நார் மாதிரி காய்ந்துபோயிற்று. மூன்றாம் முறை, ஊர் ருசி வேண்டுமென்று வரமிளகாயைக் கிள்ளி மேலே தூவினாள். வெளியூர் ஓட்டல்களில் பள்ளிபாளையம் சிக்கன் என்று பெயர் போட்டு விற்பார்கள். அவள் வீட்டில் அதற்குக் கோழி வறுவல் என்றுதான் பெயர். உள்ளே சுழன்ற காற்றில் மிளகாய் பறந்து மேலே சூட்டுக் கம்பியில் ஒட்டிக் கருக, நெடியில் இருமி இருமிப் பால்கனிக்கு ஓடினாள். பக்கத்து வீட்டுப் பெண்மணியும் தன் பால்கனியில் இருமிக்கொண்டே, "சப் டீக் ஹை, பேட்டா?" என்று, எல்லாம் சரியாக இருக்கிறதா எனக் கேட்டார்.

"டீக் ஹை, ஆன்ட்டி" என்றாள் பூங்கோதை, கண்ணீர் வழிய.

சிந்துவிடம் சொன்னபோது அவள் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் போனில் கேட்டது.

"அரே பூ, நெஞ்சுக்கறி ஏன் வாங்கினே? தொடைக்கறி வாங்கு. போன்லெஸ். அதுல கொழுப்பு இருக்கும், ரெண்டு நிமிஷம் கூடப் போனாலும் காயாது. நம்மள மன்னிக்கிற கறி அதுதான்."

கறிக்கடைக்காரர் தொடையிலிருந்து எலும்பை உருவிக் கொடுத்தார். வீட்டில் ஒவ்வொரு துண்டையும் பூங்கோதை விரித்துப் பலகையில் போட்டு விரலால் படித்தாள். ஒரு பக்கம் தடிப்பு, ஓரத்தில் மெலிசு. மெலிசான ஓரத்தை உள்ளே மடித்தாள். தடித்த இடத்தைக் கத்தியின் பின்பக்கத்தால் தட்டிச் சமமாக்கினாள். இஞ்சி பூண்டு, மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு, ஒரு கரண்டி கடலெண்ணெய் போட்டுப் பிசறி ஊற வைத்தாள். சின்ன வெங்காயம் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கிடைத்தது. அதையும் தேங்காய்ச் சில்லையும் வரமிளகாயையும் இந்த முறை துண்டுகளுக்கு அடியில் செருகினாள். திருகுகளைத் திருப்பியபோது காற்று எதையும் தூக்கவில்லை. துண்டுகள் ஒன்றோடொன்று இடிக்காமல் கிடந்தன.

முதலில் ஈரச் சத்தம், மழைத்தூறல் மாதிரி. பாதியில் திருப்பிப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் ஈரம் போய்க் கொழுப்பு படபடவென்று வெடிக்கத் தொடங்கியது. டிங். பெரிய துண்டை முள்கரண்டியால் பிளந்து, ஆறியதும் உள்ளே விரல் வைத்தாள். வழவழப்பு இல்லை. நார் நாராகப் பிரிந்தது, சாறு விரலில் வழிந்தது. பயந்துகொண்டே வாயில் போட்டாள்.

நின்றபடியே எல்லாத் துண்டையும் தின்று தீர்த்தாள். அப்புறம்தான் தட்டு எடுக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

தை மாதம் அப்பாவும் அம்மாவும் வந்து இறங்கினார்கள். டெல்லிக் குளிர் அப்பாவின் வாயைக்கூட அடைத்திருந்தது. மசாலாவில் ஊறிய கறியைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, "ராத்திரிச் சாப்பாடு என்னுது, நீங்க ஒண்ணும் பண்ணக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் பூங்கோதை அலுவலகம் போனாள். அம்மா அதைக் காதில் வாங்கினாள், பாதி மட்டும்.

மாலையில் வந்து சமையலறைக்குள் நுழைந்தபோது சோப்பு வாசனை. ஏர் ஃப்ரையர் மேல் கை வைத்தாள். மழமழவென்று இருந்தது. பொட்டு இல்லை. ஒன்றுகூட இல்லை.

"ஏம்மா, இதைத் தொடச்சீங்களா?"

"ஆமாங் கண்ணு, ஒரே பிசுக்கு. அந்தச் சிந்துப் புள்ள கண்ணாடின்னு நெனச்சுப் பொட்டை வேற ஒட்டிட்டுப் போயிருக்குது. சொரண்டி எடுத்துட்டேன்."

"அது என்ற அடையாளம்மா. அதை வெச்சுத்தான் சமைக்கறேன்."

அம்மா மூக்கை உறிஞ்சினாள். "ஐயோ, எனக்குத் தெரியலியே சாமி. இரு, என்ற பையில பொட்டு அட்டை இருக்குது, எங்க ஒட்டோணும்னு சொல்லு..."

கூடத்திலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "விடு கண்ணு. அம்மா பண்ணட்டும். நீ வந்து உக்காரு."

அந்த 'உக்காரு' பூங்கோதையின் முதுகில் வந்து விழுந்தது. இருபத்தொன்பது வயது வரை அவள் உட்கார்ந்துதான் இருந்தாள்.

"வேண்டாங்கம்மா. யாரும் ஒண்ணும் ஒட்ட வேண்டாம்."

மேல்திருகைக் கடைசிவரை திருப்பினாள். முட்டி நின்றது. அங்கிருந்து கட்டைவிரல் அகலம் பின்னால் கொண்டுவந்தாள். கை அங்கே தானாக நின்றது. இத்தனை நாள் பொட்டைத் தொட்டுக்கொண்டே திருப்பியதில், பொட்டு இருந்த இடத்தை மணிக்கட்டு தெரிந்து வைத்திருந்தது. கீழ்த்திருகை, அதன் நடுவில் எழும்பிய முகடு படுக்கையாகச் சாயும்வரை திருப்பினாள். டிக் டிக் என்று ஓடத் தொடங்கியது. கறியை அடுக்கி ஃப்ரையரின் இழுப்புத் தட்டை உள்ளே தள்ளினாள்.

அம்மா நிலைப்படியிலேயே நின்றாள். "பாத்து கண்ணு" என்று இரண்டு முறை சொன்னாள். மூன்றாம் முறை வாயைத் திறந்தவள், பூங்கோதை இடுக்கியால் துண்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்புவதைக் கண்டு சொல்லாமல் விட்டாள். தூறல் அடங்கிப் படபடப்பு தொடங்கியது. வெங்காயமும் மிளகாயும் கோழிக் கொழுப்பும் சேர்ந்த மணம் கூடத்துக்குப் போனது. அப்பா போர்வையோடு எழுந்து வந்து அம்மாவுக்குப் பின்னால் நின்றார்.

அப்பா சாப்பிட உட்கார்ந்தார். முதல் துண்டு போனது. இரண்டாவது போனது. மூன்றாவதைக் கடித்துக்கொண்டே, "காரம் கொஞ்சம் பத்தல" என்றார்.

"அப்பறம் எதுக்குங்க என்ற தட்டுல இருந்து எடுக்கறீங்க?" என்றாள் அம்மா.

பூங்கோதை சத்தமாகச் சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "உன்ற அம்மா பண்றதைவிட மெத்துன்னு இருக்குது" என்று சொன்னார். வழக்கம்போலக் கத்திச் சொல்லவில்லை.

"சரிதானுங்க, எனக்கும் அப்படித்தான் படுது" என்றாள் அம்மா. "கண்ணு, காலையில எனக்கு அந்தத் திருகு ரெண்டையும் காட்டிக் குடு."

கை கழுவி வந்ததும் அப்பா பால்கனிக்குப் போய்க் கோயமுத்தூர் ஆபீஸ்காரருக்குப் போன் செய்தார். கண்ணாடிக் கதவு மூடியிருந்தும் மோதி பாக் முழுக்கக் கேட்டது.

"மாத்தல் வேண்டாமுங்க. புள்ள இங்கயே இருக்கட்டும். ஆமாங்... இல்லீங்க, நாங்க சொல்லலீங்க, அவளேதான் முடிவு பண்ணிட்டா. அவளே சமைச்சுச் சாப்புடறாளுங்க!"

ஊருக்குத் திரும்பும் நாளில் பூங்கோதை ஒன்றரைக் கிலோ தொடைக்கறியை நான்கு ஈடாக வறுத்து, டப்பாவில் அடைத்துக் கொடுத்தாள். காரம் கூட்டியிருந்தாள். ரயில் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் அவள் போன் அடித்தது.

"ஆக்ரா வர்றதுக்குள்ள தீந்துருச்சு கண்ணு!" தண்டவாளச் சத்தத்துக்கு மேலே அப்பா கத்தினார். "எதுத்த சீட்டுல ஒரு மிலிட்டரிக்காரரு, நம்ம சேலத்துப் பக்கம். எந்தக் கடையில வாங்குனீங்கன்னு கேக்கறாரு. சொல்லிட்டேன், என்ற புள்ள டெல்லியில பண்ணுனதுன்னு!"

"என்னன்னாருங்கப்பா?"

"இன்னொண்ணு இருக்குதான்னாரு. நான் குடுக்கல."

போனை வைத்துவிட்டுப் பூங்கோதை ஸ்வெட்டர் கைகளை மடக்கிவிட்டுக்கொண்டாள். தனக்கென்று எடுத்து வைத்திருந்த நான்கு துண்டுகளைத் தட்டில் அடுக்கி உள்ளே தள்ளினாள். பசி நன்றாக இருந்தது. கீழ்த்திருகைத் திருப்பிவிட்டு, கடித்துக்கொள்ள வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள்.