பகாத்தியின் பால்

காலை ஐந்தரை. ஜெரோட்டிச் தன் மாடு பகாத்தியைக் கடைசியாகக் கறந்தாள். அதன் வாலில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. மடிநோய்க்கு மருந்து ஏற்றிய மாடு என்று அதற்கு அர்த்தம். அந்தப் பால் தனி வாளியில் விழ வேண்டும். பால் சங்கத்துக் கேனில் ஒரு சொட்டும் சேரக் கூடாது.

அந்த மலைச்சரிவில் இருந்த பெண்களுக்கெல்லாம் இதைச் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். காம்பைக் கழுவித் துடை. முதல் பீச்சைக் கறுப்புக் கிண்ணத்தில் பிடித்துப் பார். நோய் கண்ட மாட்டைக் கடைசியில் கற. மருந்து இறங்கும் கெடு முடியும்வரை அதன் பாலைக் குழியில் ஊற்று. சங்கத்து ஆள் கெம்போய் வேறு ஊர்ப் பெண்களை அழைத்து வந்து அவளுடைய கொட்டகையைக் காட்டுவான்.

வாளியைக் குழி வரைக்கும் தூக்கிப் போனாள். நின்றாள். முந்தின நாள் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினாள். இரவு சாப்பாடு இறங்கவில்லை. நாண்டி இனத்து வீட்டில் பிறந்தவள் பாலை மண்ணில் ஊற்றுவதில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு டபுட்டனி நின்றிருந்தாள். ஜெரோட்டிச்சை அவள் மகன் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள்.

“கிப்லிமோ அம்மா, உன் வீட்டுல இருக்கறது மாடா, குழாயா? எங்க மாடு சினையா நின்னு வத்திப் போச்சு. பால் ஊத்தற சுரைக் குடுக்கையெல்லாம் வாயப் பொளந்துக்கிட்டுக் கெடக்கு.”

“உன் பொண்ணக் கேக்க எப்ப வர்றாங்க?”

“சனிக்கெழம. வர்ற கெழவனுங்க குடிக்கற குடிக்கு ஒரு ஆறளவு பால் வேணும்.”

நல்ல பால் கேனில் மூடியிருந்தது. லாரி வரும் நேரம். கையில் இருந்தது இந்த வாளிதான். காய்ச்சித்தானே குடுக்கையில் ஊற்றி முர்சிக்காகப் புளிக்க வைக்கப் போகிறாள் என்று ஜெரோட்டிச் நினைத்தாள். வாளியை வேலிக்கு மேலே தூக்கிக் கொடுத்தாள். மறுநாளும் கொடுத்தாள். காசு வேண்டாம் என்றாள். மருந்து ஏற்றியதைச் சொல்லவில்லை. டபுட்டனி அவளுடைய உள்ளங்கையில் வழக்கப்படி லேசாகத் துப்பி வாழ்த்தினாள்.

பாலைக் காய்ச்சி ஆற்றியது டபுட்டனியின் மருமகள் செலகட். வந்து ஒரு வருடம் ஆகவில்லை. பால் கெடாமல் இருக்கக் குடுக்கைகளின் உள்ளே கரிக்குச்சி விட்டுத் தேய்க்கும் வேலையை மாமியார் முதல் தடவையாக அவளிடம் விட்டிருந்தாள்.

சனிக்கிழமை முற்றத்தில் மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்தார்கள். கெம்போயும் வந்திருந்தான். முர்சிக்கை முதலில் வாங்கிய பெரியவர் ஒரு வாய் குடித்தார். விழுங்கவில்லை. எழுந்து போய் வேலியோரம் துப்பிவிட்டு வந்தார்.

“இந்த வீட்டு மாடு என்ன, மண்ணெண்ணெயா குடிக்குது?”

சிலர் சிரித்தார்கள். இன்னொரு குடுக்கையைத் திறந்தார்கள். புளிக்கவே இல்லை. திரியாத பாலில் அழுகின வாடை. மூன்றாவதைத் திறக்கும்போது யாரும் சிரிக்கவில்லை.

“தப்பா நெனைக்காதீங்க,” என்றாள் டபுட்டனி. “எங்க வீட்டுப் பொண்ணு தொட்டதில்ல இது. மருமக கை.”

“குடுக்கையத் தேய்க்கவே இல்ல போலருக்கு,” என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

“கண்ணாடி பாக்கவே நேரம் பத்தல, குடுக்கையப் பாப்பாளா?” என்றாள் இன்னொருத்தி.

“நல்லா தேய்ச்சேன் அத்த,” என்றாள் செலகட்.

“பேசாத. உள்ள போ.”

மாப்பிள்ளை வீட்டாருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்து அனுப்பினார்கள். கல்யாணப் பேச்சை இன்னொரு நாளைக்குத் தள்ளிவைத்தார்கள்.

ஜெரோட்டிச் பெண்கள் கூட்டத்தில் நின்றிருந்தாள். மருந்து கலந்த பால் புளிக்காது. சங்கத்தில் அதை அவளே பலமுறை சொல்லியிருக்கிறாள். கெம்போய் குடுக்கையை முகர்ந்து பார்த்துவிட்டு அவள் பக்கம் திரும்பினான்.

“வியாழக்கெழம ரெண்டு ஊர்லேர்ந்து பொம்பளைங்க பாக்க வர்றாங்க. கொட்டகையத் தயாரா வையுங்க, அம்மா,” என்றான்.

அவள் தலையசைத்தாள்.

வீட்டுக்கு வந்து கொட்டகையைக் கழுவினாள். கழுவிய இடத்தையே மறுபடி கழுவினாள். பகாத்தியின் வாலில் இருந்த சிவப்புத் துணியை அவிழ்த்தாள். கெடு முடியவில்லை என்று நினைவு வந்தது. திரும்பக் கட்டினாள்.

பொழுது சாயும் முன் செலகட் வந்தாள். கையில் ஒரு காலிக் குடுக்கை இருந்தது. கண் வீங்கியிருந்தது.

“அக்கா, இத மோந்து பாருங்க.”

ஜெரோட்டிச் முகர்ந்தாள். கரியின் மணம் சுத்தமாக இருந்தது.

“நாளைக்கு என்னைய எங்கம்மா வீட்டுக்கு அனுப்பறாங்க. குடுக்க தேய்க்கக் கத்துக்கிட்டு வரணுமாம். எங்கம்மா சொல்லிக் குடுத்த மாதிரிதான் தேய்ச்சேன். அவங்க மொகத்துல எப்பிடி முழிப்பேன்?” செலகட் உள்ளங்கைகளை விரித்தாள். தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்திருந்தது. “எங்க தப்பு பண்ணேன்னு நீங்க சொல்லுங்க. உங்களுக்குத்தான் தெரியும்.”

ஜெரோட்டிச் குடுக்கையைக் கீழே வைத்தாள். எடுத்துத் திரும்பவும் வைத்தாள்.

“நீ ஒண்ணும் பண்ணல.”

“பின்ன?”

“பால்தான். மாட்டுக்கு மருந்து ஏத்தியிருந்துச்சு. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் குடுத்தேன்.”

செலகட் மாடுகளைப் பார்த்தாள். சிவப்புத் துணியில் அவள் கண் நின்றது.

“ஏங்க்கா?”

“மண்ணுல ஊத்த மனசு வரல.”

“முற்றத்துல எங்கூடவே நின்னீங்க.”

“நின்னேன்.”

“அவங்க என்னையப் பேசறப்பவும் நின்னீங்க.”

ஜெரோட்டிச் அவளுடைய கையைப் பிடிக்கப் போனாள். செலகட் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“என்னைய மன்னிச்சுடு, செலகட். யார்கிட்டயும் சொல்லாம நெஞ்சு அடைச்சுப் போச்சு. இப்பத்தான் மூச்சு விடறேன்.”

“உங்களுக்கு மூச்சு வந்துடுச்சு,” என்றாள் செலகட். “எங்கிட்டச் சொல்லி எனக்கு என்னாகப் போவுது? நாளைக்கு எங்க அத்த எல்லாரையும் வச்சுக்கிட்டுத்தான் என்னைய வழியனுப்புவாங்க. கெம்போயும் வருவாரு. அங்க வந்து சொல்லுவீங்களா?”