நீலப் பெட்டியின் இடது கிடார்

எனக்கு இசையில் அபிப்பிராயங்கள் அதிகம். யாரும் கேட்காமலே சொல்வேன். ஒரு ராக் குழு முதல் ஆல்பத்தில் தடுமாறும், மூன்றாவதில் உச்சத்துக்குப் போகும், பாடகன் கோபித்துக்கொண்டு வெளியேறிய பிறகு வருவதெல்லாம் வெறும் சக்கை. இருபது நிமிடப் பாட்டு போடுகிறவனிடம் இருபது நிமிடத்துக்குச் சரக்கு இருக்க வேண்டும். பாதியில் டிரம்ஸ்காரனைத் தனியாக விட்டுவிட்டு மற்றவர்கள் டீ குடிக்கப் போகக் கூடாது. ஹிட் பாட்டுகளை மட்டும் பொறுக்கிப் போட்ட தொகுப்பை என் மைத்துனன் ஒருமுறை வாங்கினான். அன்றிலிருந்து அவனோடு வெயில், மழை பற்றி மட்டும்தான் பேசுகிறேன்.

பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை. மாலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். இணையத்தில் எங்கள் ரசிகர் குழுவில் நாலாயிரம் பேர் இருக்கிறார்கள். நான் ஒரு ஆல்பத்தைக் குப்பை என்று எழுதினால் அவர்களில் பாதிப் பேர் அதை வாங்க மாட்டார்கள்.

மீட்டர் என் பள்ளிக்கூட நண்பன். ஒலிப்பதிவுக் கூடத்தில் மிக்ஸ் செய்யும் வேலை, அதாவது தனித்தனியாகப் பதிந்த குரலையும் வாத்தியங்களையும் அளவு பார்த்துக் கலப்பது. சத்தத்தின் அளவைக் காட்டும் முள்ளையே நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பதால் அந்தப் பெயர். இருபத்தைந்து வருடமாக எந்தப் பாட்டை மிக்ஸ் செய்தாலும் எனக்குப் போட்டுக்காட்டாமல் வெளியே விட்டதில்லை. "உன் காது ஓகே சொல்லட்டும்டா" என்பான்.

போன வருடம் அவனுக்கு வாழ்நாள் வேலை ஒன்று வந்தது. பதினாறு வயதில் நாங்கள் ஒரே சோபாவில் உட்கார்ந்து தேயத் தேயக் கேட்ட ஆல்பம். அட்டையில் ஒரு நீலப் பெட்டி வரைந்திருக்கும். எங்களுக்கு அது எப்போதும் நீலப் பெட்டிதான். ஐம்பதாண்டு நிறைவுக்காகப் பழைய ஒலிநாடாக்களை எடுத்து அதைப் புதிதாக மிக்ஸ் செய்யும் பொறுப்பை இவனிடம் கொடுத்தார்கள். வெளியாகும்வரை யாருக்கும் காட்டக் கூடாது என்று ஒப்பந்தம். அதனால் இந்த ஒருமுறை மட்டும் எல்லாரோடும் சேர்ந்துதான் நானும் கேட்டேன்.

இடது பக்கக் கிடாரைக் காணோம்.

நீலப் பெட்டியின் உயிரே அதுதான். வலது காதில் ஆர்கன், இடது காதில் கிடார். இரண்டும் புருஷன் பெண்டாட்டி மாதிரி பதினொரு நிமிடம் வாய் ஓயாமல் சண்டை போடும். மீட்டரின் மிக்ஸில் ஆர்கன் மட்டும் தனியாகப் புலம்பிக்கொண்டிருந்தது. பழைய இசைத்தட்டைப் போட்டுப் பார்த்தேன். அதில் கிடார் கணீரென்று இருந்தது. எனக்கு ரத்தம் கொதித்தது. அவனைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, குழுவில் எழுதினேன்: "கிடாரைக் குழி தோண்டிப் புதைத்திருக்கிறார்கள். இதை மிக்ஸ் செய்தவர் முதலில் காது டாக்டரைப் பார்க்கட்டும்." ராத்திரிக்குள் நூற்றுக்கணக்கானவர்கள் ஆமாம் போட்டார்கள்.

மறுநாள் மீட்டர் போன் செய்தான்.

"நெஜமாவே கேக்கலையாடா?"

"சுத்தமா கேக்கல."

"சரிடா. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று வைத்துவிட்டான். அதன் பிறகு அவன் கூப்பிடவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான் என்று நினைத்து நானும் முறுக்கிக்கொண்டேன்.

போன மாதம் ஒருநாள் அவசரத்தில் ஹெட்போனைப் பக்கம் மாற்றி மாட்டிவிட்டேன். ஓடியது மீட்டரின் நீலப் பெட்டி. கிடார் கேட்டது. வலது காதில், அட்சரம் பிசகாமல். இப்போது ஆர்கனைக் காணோம். கழற்றித் திருப்பி மாட்டினேன், கிடார் போய்விட்டது. பழைய தட்டைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, இடது காதில் உண்மையில் என்ன விழுகிறது என்று முதல்முறையாகக் கவனித்தேன். அதிலும் கிடார் இல்லை. அத்தனை நாளும் வாசித்துக்கொண்டிருந்தது என் ஞாபகம்.

காது டாக்டர் ஒரு வரைபடத்தை நீட்டினார். இடது காதுக்கான கோடு பாதியில் அப்படியே கீழே விழுந்திருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் போனதால் தெரியவில்லையாம். பக்கத்தில் நின்ற என் மனைவியின் கண் கலங்கிவிட்டது. "ரெண்டு வருஷமா அந்தப் பக்கம் நின்னு கூப்பிட்டா நீங்க திரும்பறதே இல்ல. வேணும்னே பண்றீங்கன்னு நெனச்சேங்க" என்றாள்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு மீட்டர் வீட்டுக்குப் போனேன். வேலை நாளில் லுங்கியோடு கதவைத் திறந்தான். அவன் அறையில் ஸ்பீக்கர்கள் மேல் படுக்கை விரிப்பு போர்த்தியிருந்தது.

"வேலைக்குப் போகலையா?"

"விட்டுட்டேன்டா."

என் காதைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவனே சொல்ல ஆரம்பித்துவிட்டான். நான் எழுதியதைப் படித்ததும் கம்பெனியிடம் கெஞ்சி, அடுத்த பதிப்புக்காக இடது கிடாரின் சத்தத்தைத் தூக்கி இரண்டாவது மிக்ஸ் ஒன்று செய்திருக்கிறான். "தூக்கறதுக்கு முன்னாடியே எனக்கு நல்லாத்தான் கேட்டுச்சு. நீ கேக்கலைங்கற. அப்ப கோளாறு எனக்குத்தானே?" கிடார் காதைக் கிழிக்கிறது என்று சொல்லிக் கம்பெனி வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டது. "மூணு எடத்துல காதக் காமிச்சேன். நல்லா இருக்குன்னாங்க. நான் நம்பல. உன்ன விட்டுட்டு மெஷினையா நம்புவேன்? அப்புறம் எந்தப் பாட்டுல கைய வெச்சாலும் நடுக்கம்தான்."

வரைபடத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

அவன் அதை வெகுநேரம் பார்த்தான். திட்டவில்லை. ஒரு அறை விட்டிருந்தால் தேவலை என்று இருந்தது. பிறகு எழுந்து விரிப்பை விலக்கி, தன் முதல் மிக்ஸைப் போட்டு, ஹெட்போனை என் தலையில் சரியான பக்கமாக மாட்டினான். இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் கலந்துவிடும் பொத்தான் ஒன்று உண்டு. ஸ்டீரியோவைக் கெடுக்கும் அந்தப் பொத்தானைத் தொடுகிறவன் மனுஷனே இல்லை என்று நாங்கள் இருவருமே சொல்லி வந்தோம். அவன் அதை அழுத்தினான்.

என் ஒற்றைக் காதுக்குள் ஆர்கனும் கிடாரும் சேர்ந்து வந்தன. கிடார் எவ்வளவு இருக்க வேண்டுமோ அவ்வளவு இருந்தது. ஆர்கன் சீறும்போது அடங்கி, அது மூச்சு வாங்கும் நேரம் பார்த்து மேலே வந்தது. முதல் நாளிலிருந்தே அது அப்படித்தான் இருந்திருக்கிறது. நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

"சரியா இருக்குடா. ஒண்ணுமே தப்பில்ல. இவ்வளவு நல்ல மிக்ஸ நான் கேட்டதே இல்ல."

அவன் வரைபடத்தை மடித்து என் சட்டைப் பையில் வைத்தான்.

"இந்த ஒரு வார்த்தைக்குத்தான்டா அன்னிக்குக் காத்துக்கிட்டு இருந்தேன்" என்றான். "இப்ப நீ சொல்ற. இத நான் எப்படிடா நம்பறது?"