கொழுந்தனின் இடது கை

இருபத்தாறாவது மணி நேரம் முடிந்தபோதுதான் அண்ணிக்குக் கொழுந்தன்மேல் சந்தேகம் தட்டியது. ஒரே வீட்டு ஆட்கள் நாலு பேர், ஆளுக்கு ஒரு மணி நேரமாக மாறி மாறி ஏரியில் விடாமல் நீந்தும் தொடர் நீச்சல் அது. அவளும் புருஷனும் நாத்தனாரும் முறை முடித்துப் படகில் ஏறும்போது குற்றுயிரும் குலையுயிருமாக விழுந்தார்கள். கொழுந்தன் மட்டும் சிரித்துக்கொண்டே ஏறினான்.

"என்னடா, மூச்சுகூட வாங்கல?"

"உடம்பு பழகிடுச்சு அண்ணி." காலில் துண்டைப் போர்த்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டான்.

யாரிடம் கதை விடுகிறான்? மாடி ஏறித் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துவிட்டு வரச் சொன்னால் முழங்கால் வலி என்று படுத்துக்கொள்கிற ஆசாமி! படகின் பின்னால் ஒரு கயிறு தொங்கியது. அதைப் பிடித்துக்கொண்டு ஓசியில் சவாரி வருகிறானோ?

நீந்துகிறவர் படகையோ கயிற்றையோ படகில் இருப்பவர்களையோ தொட்டால் அந்த நொடியே எல்லாம் முடிந்தது. போன வருஷம் வாந்தி தாங்காமல் படகைப் பிடித்துக் காரியத்தைக் கெடுத்தவள் அண்ணிதான். வீட்டில் யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவளை அரித்தது. இந்த முறையும் கைநழுவிப் போனால் அவளால் தாங்கவே முடியாது.

பழைய சாதனை முப்பது மணி நேரம். அந்த முப்பதாவது மணி கொழுந்தனின் முறையாக வந்து வாய்த்தது. அடுத்துக் குதிக்க வேண்டிய புருஷன் நீச்சல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். கண்காணிக்க வந்திருந்த அம்மாள் கடிகாரமும் நோட்டுமாக முன்பக்கம் உட்கார்ந்திருந்தார். அண்ணி பின்பக்கம் குப்புறப் படுத்துக் கண்கொட்டாமல் பார்த்தாள்.

கயிற்றை ஒட்டியே வந்தான். வலது கை மட்டும் வீசியது. இடது கை தண்ணீருக்குமேல் வரவே இல்லை.

'அடப்பாவி!'

அதே நேரம் கண்காணிப்பு அம்மாள் எழுந்து பின்பக்கம் வந்தார். அவர் கண்ணில் பட்டால் தொலைந்தது! அண்ணி பாய்ந்து, தண்ணீருக்குள் அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

"கயித்த விடுடா!"

கையில் கயிறு இல்லை. கல்லாக இறுகிப்போன தன் கெண்டைக்காலைத்தான் பிசைந்துகொண்டிருந்தான்.

"காலையிலேர்ந்து கால் பிடிச்சு இழுக்குது அண்ணி. சொன்னா பயந்துடுவீங்கன்னுதான்..."

அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தார், எழுதினார், நோட்டை மூடினார். புருஷன் கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தான்.

வலியில் கொழுந்தனுக்கு எதுவும் உறைக்கவில்லை. கையை விடுவித்துக்கொண்டு பழையபடி நீந்தத் தொடங்கினான்.

"இன்னும் எத்தனை நிமிஷம் அண்ணி?"

"பதினெட்டு" என்றாள். அவனை நிறுத்தச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.