சுதி சேராத ஷாட்

கடைசி ஷாட்டுக்கு இன்னும் ஒரு மணி நேரம் பத்து நிமிடம் இருந்தது. ஓட்டல் கூடத்தின் மூலையில் ஆர்மோனியக்காரர் பெட்டியின் மேல்பலகையைக் கழற்றிவிட்டு, கையில் சுரண்டியோடு சுரம் எழுப்பும் பித்தளைத் தகடுகளான ரீடுகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். உதவி இயக்குநர் அந்தச் சுரண்டியையே பார்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

கிராமத்துக் கச்சேரிக் கோஷ்டி ஒன்று வெளிநாடு போய் சந்தி சிரிக்கிற கதை. நடிகர்களைப் பிடிக்காமல் நிஜக் கோஷ்டியையே கூட்டி வந்திருந்தார்கள். கிளாரினெட் வாசிக்கும் அண்ணன், டிரம் அடிக்கும் தம்பி, அண்ணனின் மைத்துனரான ஆர்மோனியக்காரர். மூவரும் பனியை அதுவரை காலண்டரில்தான் பார்த்திருந்தார்கள்.

முதல் நாள் வாத்தியங்கள் இரவெல்லாம் வேனில் கிடந்து நேராக செட்டுக்கு வந்தன. கிளாரினெட் ஒரு பக்கம் இழுக்க, ஆர்மோனியம் இன்னொரு பக்கம் இழுத்தது. இயக்குநர் விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாள் தேனாக வாசித்தார்கள். அவர் முகம் தொங்கிப்போனது.

"முதல் நாள் மாதிரியே வேணும். அவங்களுக்குத் தெரியக்கூடாது. எப்படியோ பண்ணு" என்று உதவி இயக்குநரான அவளிடம் சொன்னார்.

அவளுக்கு இது முதல் படம். பௌதிகம் படித்தவள். வாத்தியங்களைச் செட்டுக்குக் கொண்டுவருவது அவள் வேலை. யோசிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து இன்றோடு ஒன்பது நாள். சாயங்காலம் அறையில் சேர்ந்த சுதி, காலையில் செட்டில் சேரவில்லை.

"கேமராவைப் பாத்தா பெட்டிக்கு வெக்கம் வந்துருது" என்று தம்பி கேலி பண்ணினான். நாலாம் நாள் கேலி நின்றது. ஆறாம் நாள் அண்ணனும் மைத்துனரும் சாப்பாட்டு மேசையில் உப்பைக்கூடத் தம்பி மூலம்தான் கேட்டு வாங்கினார்கள்.

"லைட்டு சூட்டுல உன் ரீடு ஏறிக்குது மாப்ள" என்றார் அண்ணன் இப்போது. "கொஞ்சம் சுரண்டி இறக்கு. இன்னைக்காவது சேரணும். ஊரே தியேட்டர்ல உக்காந்து கேக்கப்போகுது."

சூட்டில் ரீடு ஏறாது. அது அவளுக்குத் தெரியும்.

"சுரண்டினா சுரண்டினதுதான் மாமா. திரும்ப ஒட்டவா முடியும்? ஊருக்குப் போனா எனக்குச் சோறு போடுறது இந்தப் பெட்டிதான்."

"அப்ப என் காது செவிடுங்கிற."

"நான் அப்படிச் சொன்னேனா?"

"சொல்லாம சொல்ற. சுரண்டலைன்னா இந்த ஷாட்டோட நீ வேற, நான் வேற. உங்க அக்காகிட்டயும் சொல்லிடறேன்."

"அண்ணே, அண்ணியை ஏன் இழுக்குற" என்றான் தம்பி. யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆர்மோனியக்காரர் வேட்டி முனையால் ஒரு ரீடைத் துடைத்தார். "பாப்பா, அந்த டார்ச்சைக் கொஞ்சம் பிடி."

அவள் பிடித்தாள். வெளிச்சம் ரீடை விட்டு கண்ணாடிக் கதவுப் பக்கம் நழுவியது.

"எங்கம்மா பாக்குற? ரீடு மேல காட்டு."

"இந்தாங்கண்ணே."

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் வேன் நின்றது. அதன் கூரையில் பனி. கதவுக்கு இந்தப் பக்கம் இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"என்ன, ரெடியா?"

"அஞ்சே நிமிசம் சார்" என்றார் ஆர்மோனியக்காரர். மூச்சைப் பிடித்துக்கொண்டு சுரண்டியின் முனையை ரீடில் வைத்தார்.

டார்ச் கீழே விழுந்தது. அவள் உள்ளங்கை ரீடுகளை மூடியிருந்தது.

"சுரண்டாதீங்கண்ணே. பெட்டி நல்லாத்தான் இருக்கு."

"பாத்தியா மாமா?"

அண்ணன் முகம் கறுத்தது. "அப்ப என் வாசிப்புதான் கெட்டுப்போச்சா?"

இயக்குநர் அவளையே பார்த்தார். வேண்டாம் என்பதுபோல் மெல்லத் தலையசைத்தார். அவள் அவர் பக்கம் திரும்பாமல் பேசினாள்.

"உங்க வாசிப்பும் நல்லாத்தான் இருக்குண்ணே. கிளாரினெட் குளிர்ந்தா சுதி இறங்கிடும். தினம் காலைல அதை எடுத்துட்டுப் போய், ஷாட் வரைக்கும் வேன்ல போட்டு வச்சது நான்தான்."