இடைவெளி இல்லாத பைத்து

இஸ்ஹாக்கின் காதுக்குள் இரைச்சல் குடிவந்தது போன நோன்பு மாதத்தில். குறிஞ்சிப்பிட்டியில் களப்போரமாக அவருக்கு ஒரு பட்டறை இருக்கிறது. மாம்புரியிலிருந்தும் உச்சமுனையிலிருந்தும் படகு எஞ்சின்கள் அங்கே வந்து இறங்கும். பாதி ஆயுளை அந்த எஞ்சின்களுக்குள் தலையை விட்டே கழித்த மனிதர். கடைசியில் அவை அவருடைய தலைக்குள் வந்து குந்திக்கொண்டன. ஊய்ங் என்று ஒரே சத்தம், விடிந்தாலும் பொழுதுபட்டாலும்.

புத்தளத்தில் காது பார்க்கிற டொக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார், இதற்கு மருந்து இல்லை என்று. மெல்லிய சத்தம் ஏதாவது காதோடு ஓடிக்கொண்டிருந்தால் இரைச்சல் அதற்குள் மறைந்துவிடும், அதுதான் வழி என்றார்.

ஊர்க்கதை எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்து சோற்றுக் கோப்பையோடு கொட்டுகிற இஸ்ஹாக், இப்போது கரண்டி விழுந்தாலும் சீறினார். அவருடைய மனைவி நுஸ்ராவுக்கு அல்லாஹ்விடம் வேறு தேவை இருக்கவில்லை. பழைய மனிதன் திரும்பி வந்தால் போதும் என்றிருந்தாள். மணக்க மணக்க மீன் ஆணம் வைத்துவிட்டு ஊமையோடு உட்கார்ந்து சாப்பிட எந்தப் பெண்ணுக்குத்தான் பிடிக்கும்?

அவள்தான் டவுனுக்குப் போய், சட்டைப் பைக்குள் அடங்கும் ஒரு சின்னப் பாட்டுப் பெட்டி வாங்கி வந்தாள். போன் சரிவராது. நிமிடத்துக்கொரு மீன்பிடிக்காரன் அழைப்பான். அதில் கேட்பதற்குப் பாட்டும் அவளே ஏற்பாடு செய்தாள். அவளுடைய சாச்சா மகன் ஹுனைஸ் கொழும்பில் ஒலிப்பதிவு செய்கிறவன். கற்பிட்டியில் நடந்த ஒரு கந்தூரியில் றபான் பறை அடித்துப் பாடிய பைத்துப் பாட்டு முழுவதையும் அவன் பதிந்து வைத்திருந்தான். ஒரு மயிரிழைச் சத்தம்கூடக் குறையாத பதிவு. அதனால் கோப்பு ஒவ்வொன்றும் மலை மலையாக இருந்தது. பாடியவர்கள் ஒரு பைத்தை முடித்து அடுத்ததைத் தொடங்கும்போதும் றபான் நிற்காது, அடி ஓடிக்கொண்டே இருக்கும். ஹுனைஸ் பைத்துக்கு ஒரு துண்டாக வெட்டிக் கொடுத்திருந்தான்.

அந்த மலைகள் சின்னப் பெட்டிக்குள் ஏறவில்லை. தையல் டிசைன் பார்க்கவென்று வாங்கிய லெப்டொப்பில் நுஸ்ரா ஒவ்வொரு துண்டையும் எம்பி த்ரீயாகச் சுருக்கி ஏற்றிக் கொடுத்தாள். இஸ்ஹாக் அதன் இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டார். முகம் மலர்ந்தது. முதல் பைத்து முடிந்த இடத்தில் அப்படியே சுருங்கியது.

"மிஸ் அடிக்குது," என்றார்.

ஒரு பைத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் ஒரு மூச்சு நேரம் பெட்டி மௌனமாகிவிடுகிறது. அந்தச் சந்துக்குள் இரைச்சல் தலையை நீட்டுகிறது. விட்டுவிட்டு ஓடி மிஸ் அடிக்கிற எஞ்சினுக்கு எஞ்சின்காரர் என்ன செய்வாரோ அதையே இஸ்ஹாக்கும் செய்தார். பெட்டியைக் கழற்றி, உள்ளே ஊத்தை பிடித்திருக்கிறது என்று பெற்றோல் தொட்ட தூரிகையால் நன்றாகக் கழுவிவிட்டார். அதற்குப் பிறகு பொத்தான்கள் பாதி வேலை செய்யவில்லை, மூடியை இறப்பர் வளையம் போட்டுத்தான் நிறுத்த வேண்டியிருந்தது. இடைவெளி மட்டும் ஒரு குறையுமில்லாமல் அப்படியே இருந்தது, அதோடேயே சில வாரம் ஓடியது.

"இது என்ன யமஹா எஞ்சினா?" என்று நுஸ்ரா தலையில் அடித்துக்கொண்டாள்.

பிறகு அவள் தன் கைவரிசையைக் காட்டினாள். ஒன்றின் வாலை அடுத்ததன் தலைமேல் ஏற்றிவிடும் வசதி ஒன்று லெப்டொப்பில் அகப்பட்டது. மௌனம் போய்விட்டது, ஆனால் இரண்டு றபான்கள் ஒரே நேரத்தில் அடித்தன. இஸ்ஹாக் காதிலிருந்து பிடுங்கிவிட்டார். "ரெண்டு படகு ஒரே துறையில வந்து முட்டுற மாதிரி ஈக்குது," என்றார். சுருக்கிய துண்டுகளை வரிசையாக ஒட்டிப் பார்த்தாள். அதிலும் அதே இடைவெளி. கடைசியில் ஹுனைஸுக்கே அழைப்பெடுத்தாள்.

"ராத்தா, சுருக்கக்குள்ள ஒவ்வொரு துண்டுக்கும் முன்னுக்கும் பின்னுக்கும் கொஞ்சம் வெறுமை ஒட்டிக்கொள்ளும்," என்றான் அவன். "சுருக்கினதை ஒட்டினா வெறுமையும் சேந்துதான் வரும். நான் தந்த ஒரிஜினலை எடுங்க. முதல்ல எல்லாத்தையும் ஒண்டாச் சேருங்க. பொறகு ஒரே துண்டாச் சுருக்குங்க."

இவ்வளவுதானா என்று நுஸ்ராவுக்கு எரிச்சலாக வந்தது. மீன் வெட்டிக் கழுவ வேண்டிய நேரத்தில் உட்கார்ந்து அப்படியே செய்தாள். பிறகு இஸ்ஹாக்குக்கு முன்னால் ஒரு கதிரையைப் போட்டு, அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் பைத்து முடிந்திருக்க வேண்டிய நேரம் வந்தது, போனது. அவருடைய விரல்கள் முழங்காலில் தாளம் போட்டபடியே இருந்தன.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் இஸ்ஹாக், கண்ணை மூடிக்கொண்டு. நுஸ்ராவுக்கு அழுகையே வந்துவிட்டது.

அதன் பிறகு இயர்போன் அவர் காதை விட்டு இறங்கவில்லை, வீட்டில் சீறலும் இல்லை. நன்றாகத் தூங்கினார், நன்றாகச் சாப்பிட்டார். கரண்டி என்ன, கடாயே விழுந்தாலும் திரும்பிப் பார்க்கவில்லை. இஸ்ஹாக் நானா பழையபடி ஆகிவிட்டார் என்று பட்டறைக்கு வருகிறவர்கள் சொன்னார்கள். நுஸ்ராவும் ஓம் ஓம் என்று தலையாட்டினாள்.

ஆனால் பழைய மனிதன் வரவில்லை. வந்திருந்தவர் சிரித்த முகத்தோடு சாப்பிட்டுவிட்டு எழும்பிப் போகிற ஒரு விருந்தாளி. தன் உம்மாவுக்குக் கால் வீங்கியிருக்கிறது என்று நுஸ்ரா சொன்னாள். அவர் சிரித்துத் தலையாட்டிவிட்டுச் சம்பலை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முன்பு பெட்டி மௌனமாகிற அந்த ஒரு மூச்சு நேரத்தில் அவர் கண்ணைத் திறப்பார். அதற்குள் அவள் ஒரு சொல்லைத் தள்ளிவிடுவாள். பாண் முடிந்துவிட்டது, உம்மா போன்ல பேசினா, தண்ணி மோட்டர் இழுக்குதில்லை. அவரும் எரிந்து விழுந்தாவது ஒரு பதில் சொல்லுவார். அந்த இடைவெளியைத்தான் அவள் தன் கையாலேயே பூசி அடைத்திருந்தாள்.

ஒருநாள் முற்றத்தில் அவர் ஒரு காபரேட்டரைக் கழுவிக்கொண்டிருந்தார். அவள் பின்னால் போய் நின்றாள். "நான் மௌத்தாப் போனாலும் பைத்து முடிஞ்ச பொறகுதான் உங்களுக்குத் தெரியவரும்," என்றாள். அவருடைய தலை றபான் அடிக்கு இசைந்து ஆடியது. அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அந்தக் காபரேட்டரைப் பிடுங்கிக் களப்பில் வீசினால் என்ன என்று ஆத்திரம் வந்தது.

அன்றே லெப்டொப்பைத் திறந்தாள். ஒவ்வொரு பைத்தும் முடிகிற இடத்தில் வெட்டி, ஒரு மூச்சு நேர மௌனத்தை வைத்தாள். நோயாளியின் மருந்தில் தண்ணீர் கலக்கிற வேலை அது என்று அவளுக்குத் தெரியும். அவருடைய நிம்மதியில் களவெடுக்கிறேன் என்றும் தெரியும். தெரிந்துகொண்டேதான் பெட்டியில் ஏற்றி, அவருடைய சட்டைப் பைக்குள் போட்டாள்.

பட்டறைக்குப் போனவர் பகல் சாப்பாட்டுக்கு முன்பே திரும்பி வந்துவிட்டார். கையில் எண்ணெய் கழுவவில்லை. ஒரு காதில் மாட்டியது கழன்று தோளில் தொங்கியது.

"நுஸ்ரா, திரும்ப மிஸ் அடிக்குது. சரியா ஒவ்வொரு பைத்து முடியிற எடத்திலயும். நீ செஞ்சதில என்னமோ பிழை ஈக்குது."

சோறு வடித்துக்கொண்டிருந்தவள் பானையை இறக்கி வைத்தாள்.

"பிழை இல்ல. நாந்தான் வச்சேன்."

"என்னத்துக்கு?"

"எனக்குத்தான். முந்தி அந்த எடத்திலதான் உங்களோட ஒரு சொல்லுக் கதைப்பேன். அதையும் அடைச்சிட்டு இந்த ஊட்டுக்குள்ள தனியாக் கெடக்கேன். உம்மாட கால் வீங்கினதும் உங்களுக்குத் தெரியா. நான் மௌத்தானாலும் தெரியா எண்டு உங்கட முதுகுக்குப் பின்னாலயே நிண்டு சொன்னேன். தலைய ஆட்டினீங்க."

கத்தப் போகிறார் என்று அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கத்தல் வரவில்லை. திரும்பிப் பார்த்தபோது அவர் மற்றக் காதில் மாட்டியதையும் கழற்றி மேசையில் வைத்துக்கொண்டிருந்தார். இரைச்சல் வந்து அறைகிறது என்று அவருடைய முகமே சொன்னது. கதிரையை இழுத்து அவளுக்கு நேரே போட்டு உட்கார்ந்தார்.

"எவ்வளவு வச்சாய்?"

"ஒரு மூச்சுத்தான்," என்றாள் நுஸ்ரா.

"அது காணாது புள்ள," என்றார் இஸ்ஹாக். "உம்மாட கால் எப்ப வீங்கினது? முதல்லயிருந்து சொல்லு."