புதன்கிழமைக் கால்கள்

சிறீதரனின் கால்கள் சுத்தமாக இருந்தன. அதில்தான் சுந்தரேஸ்வரிக்குச் சந்தேகம் தொடங்கியது.

உணவகச் சமையலறையில் பத்து மணித்தியாலம் நிற்கிற மனிதர். வீட்டுக்கு வந்து காலுறையைக் கழற்றினால் யன்னலைத் திறக்கவேண்டும். புதன்கிழமை அவருக்கு விடுமுறை. அன்று பின்னேரம் அன்ரனின் கடையில் சாமான் இறக்கிக் கொடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போவார். அரிசி மூட்டை இறக்கிய மனிதர் நகக்கண் வரை கழுவிய காலோடு திரும்பி வந்தார். கூடவே கற்பூரமும் தேசிக்காயும் கலந்த ஒரு வாசம்.

மூன்று புதன்கிழமைகள் கவனித்தாள். மூன்றிலும் அப்படியே.

அவர் காலை இன்னொருவர் கழுவி அவள் கண்டது ஒரே தடவை. கலியாணத்தன்று அவளுடைய தம்பி செம்பில் தண்ணீர் ஊற்றிக் கழுவி, அதற்கு அவரிடம் மோதிரம் வாங்கிக்கொண்டான். அது நடந்து இருபத்தொரு வருடம். இப்போது யார் கழுவுகிறார்கள்?

இன்னொன்றும் இருந்தது. மாசி மாதத்திலிருந்து அவர் கட்டிலை விட்டுக் கீழே பாயில் படுத்தார். மெத்தை சூடாம். ஜெர்மனியின் ஹம்பேர்க்கில், மாசிக் குளிரில். முன்பென்றால் தூக்கத்தில் அவளுடைய கால் அவரில் பட்டுவிடும். அரைத்தூக்கத்திலும் அவள் கை அவரைத் தொட்டுத் தன் கண்ணில் ஒற்றிக்கொள்ளும். கணவனில் கால் படக்கூடாது, பட்டால் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று வளர்ந்தவள். இப்போது கால் படுவதற்குப் பக்கத்தில் ஆளில்லை.

அவரிடமே கேட்டிருக்கலாம். கேட்டால் பொய் வரும். வந்தபிறகு அந்தப் பொய்யோடு குடும்பம் நடத்தவேண்டும்.

புஷ்பாவிடம் மட்டும் சொன்னாள். இருவரும் ஒரே அலுவலகக் கட்டடத்தைத் துப்புரவு செய்பவர்கள்.

"கால் கழுவி விடுறாளோ? என்ரை மனுசனுக்கு நான் சோத்துக்கோப்பை கழுவிக் குடுக்கிறதே பெரிசு." சிரித்த புஷ்பா சட்டென்று நிறுத்தினாள். "அக்கா, ஸ்ரேசனுக்குப் பக்கத்திலை தாய்லாந்து மசாஜ் எண்டு போர்ட் போட்டு, யன்னலைச் சீலையாலை மூடி வைச்சிருக்கினம். எங்களோடை வேலை செய்யிற பீலிக்ஸின்ரை தமையன் அப்பிடி ஒரு இடத்துக்குப் போய்த்தான் குடும்பம் பிரிஞ்சது."

"இவர் அப்பிடிப்பட்ட ஆளில்லை."

"அப்ப ஏனக்கா எனக்குச் சொல்லுறியள்?"

அடுத்த புதன்கிழமை அவர் ஏறிய அதே எஸ்-பான் ரயிலில், அடுத்த பெட்டியில் அவளும் ஏறினாள். உதைபந்தாட்ட உலகக் கிண்ணப் போட்டி நடந்த கோடை. பெட்டி முழுவதும் கன்னத்தில் கொடி வரைந்த சனம். பிரதான நிலையத்தில் இறங்கியவர் அன்ரனின் கடையைத் திரும்பியும் பார்க்காமல் கடந்தார். ஒரு குறுக்குத் தெருவில் திரும்பினார். யன்னலில் சிவப்புச் சீலை, அதற்கு மேல் பொன்னிற எழுத்து. கதவைத் தள்ளி உள்ளே போனார், வழக்கமாகப் போகிறவர்போல.

அவள் எதிர்ப்பக்கம் கால்மணி நேரம் நின்றுவிட்டு அன்ரனுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"அன்ரன், அவர் அங்கை நிக்கிறாரோ?"

"ஓம் அக்கா. பின்னாலை... மூட்டை அடுக்கிறார். கூப்பிடட்டோ?"

"வேண்டாம். வேலையைக் குழப்பாதை."

ஆக, அன்ரனுக்கும் தெரியும். தெருவைக் கடந்தாள்.

உள்ளே அதே வாசம். வாசலோரத் தட்டில் அவருடைய மண்ணிறச் சப்பாத்து, காலுறை மடித்துச் செருகியபடி. பக்கத்தில் ஒரு தாழ்ந்த முக்காலி, ஒரு பேசின். அதில் தேசிக்காய்த் துண்டுகள் மிதந்தன. தண்ணீர் இன்னும் அசைந்துகொண்டிருந்தது. அதற்கப்பால் ஒரு திரைச்சீலை.

எதையும் காண அவள் மனதைத் தயார் செய்தே திரையை விலக்கினாள்.

நிலத்தில் மெத்தை. அதில் சிறீதரன் குப்புறப் படுத்திருந்தார். தொளதொளத்த நீல உடுப்பு கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடியிருந்தது. அவரருகே ஒரு பெண், சுந்தரேஸ்வரியைவிடப் பத்து வயது கூட, நரைத்த தலை. கண்ணை மூடிக் கைகூப்பி ஏதோ முணுமுணுத்தாள். என் மனிதரை முன்னால் போட்டுக்கொண்டு இவள் யாரைக் கும்பிடுகிறாள்? பிறகு அந்தப் பெண் இரண்டு பக்கமும் நின்ற கதிரைகளைப் பிடித்துக்கொண்டு எழும்பி, அவருடைய இடுப்பில் காலை வைத்தாள்.

இதற்கு மட்டும் அவள் தயாராக இருக்கவில்லை.

"எடடி காலை!"

தமிழ் தெரியாத அந்தப் பெண் உடனே இறங்கினாள்.

"ஈஸ்வரி," என்றார் சிறீதரன். எழும்பப் பார்த்தார். முடியவில்லை. பக்கவாட்டில் உருண்டு, கையை ஊன்றி, ஒரு முழங்காலில் அப்படியே நின்றுவிட்டார். அந்தப் பெண் அவரின் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி இருத்தினாள். பழக்கப்பட்ட கை. சுந்தரேஸ்வரிக்கு அது சுட்டது. ஆனால் மெத்தை சூடென்று சொல்லி அவர் பாயில் படுத்தது ஏனென்று அப்போதுதான் விளங்கியது.

"எவ்வளவு நாளாய்?"

"மாசியிலை, சோத்துக் கிடாரம் தூக்கேக்கை இடுப்புப் பிடிச்சது. டொக்டர் ஊசி போட்டவர், கேக்கேல்லை. இவ மிதிச்சால் நாலு நாளைக்குத் தாங்கும்."

"எனக்குச் சொன்னால் என்ன?"

"நீ எண்ணெய் பூசுவாய். எண்ணெய்க்கு இது அசையாது. மிதிக்கவேணும்." அவர் சுவரைப் பார்த்தார். "கட்டின மனுசியைக் கூப்பிட்டு, வந்து என்னை மிதியெண்டு எப்பிடிக் கேக்கிறது?"

சுந்தரேஸ்வரி அந்தப் பெண்ணிடம் திரும்பி, எங்கே, எப்படி மிதிப்பது என்று ஜெர்மனில் கேட்டாள். அந்தப் பெண் அவளை ஒரு கணம் அளந்து பார்த்துவிட்டு, அவளுடைய கையைப் பிடித்து அவருடைய முதுகில் வைத்தாள். எலும்பில் இல்லை, எலும்புக்கு இரண்டு பக்கமும். குதிக்கால் கூடாது. பாரம் கதிரையில், காலில் கொஞ்சம்தான்.

வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேசையிலிருந்து இரண்டு கதிரைகளை இழுத்துப் பாயின் இரு பக்கமும் வைத்தாள். குளியலறையில் தன் கால்களைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினாள்.

"விசரே உனக்கு?" என்றார் அவர். "ஆரும் வந்து பாத்தால்?"

"கதவு பூட்டியாச்சு. படுங்கோ."

படுத்தார். அவள் குனிந்து அவருடைய முதுகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு கதிரைகளைப் பிடித்துக் காலை வைத்தாள். முதலில் விரல்கள் மட்டும். அவர் மூச்சைப் பிடித்தார், விட்டார்.

"இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்."

"இடப்பக்கம் அவளுக்கு நல்லாத் தெரியுமோ?"

"ஓம்."

அவள் ஒரு கையைக் கதிரையிலிருந்து எடுத்தாள்; பாரம் காலுக்கு இறங்கியது.